அயர்லாந்தின் குத்துக்கல்லை அடியிலிருந்து படிப்பது எப்படி? பஞ்செஸ்டவுன் நெடுங்கல்லை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அசையாமல் நிற்கிறவரைப் பார்த்து "ஏன் குத்துக்கல் மாதிரி நிற்கிறாய்?" என்று கேட்பது நம் வழக்கம். குத்துக்கல் ஆடாது, விழாது, நட்ட இடத்திலேயே கிடக்கும் என்ற நினைப்பு அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. அயர்லாந்தின் கில்டேர் கவுன்டியில், நேஸ் என்ற ஊருக்கு அருகே, பஞ்செஸ்டவுனில் நின்ற ஒரு குத்துக்கல் 1931-இல் விழுந்தது. விழுவதற்கு முன்பே அது சாய்ந்துதான் நின்றது. கீழே கிடந்தபோது அளந்து பார்த்தார்கள்: ஏறத்தாழ 7 மீட்டர் நீளம், 9 டன் எடை. அது நின்ற குழியை ஒட்டி ஒரு சிறிய கற்பதுக்கை வெளிப்பட்டது. கற்பலகைகளைப் பெட்டிபோல நிறுத்திக் கட்டிய, வெண்கலக் காலத்துப் புதைகுழி. உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. 1934-இல் கல்லை மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். இன்றும் அது அங்கே நிற்கிறது.

நான் சொல்ல வருவது இதுதான்: கல்லைப் பற்றிய செய்தி கல்லில் இருப்பதைவிட அதன் அடியில்தான் அதிகம் இருக்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பதுக்கையைப் பற்றிப் படித்த பிறகுதான், இருபது படங்களில் ஒன்றில்கூடக் கல்லின் அடிப்பகுதி தெளிவாக இல்லை என்று கவனித்தேன். அடுத்த முறை போனது அடியைப் பார்ப்பதற்காகவே.

அயர்லாந்தில் வசிப்பவர்களுக்கும் சுற்றுலா வருபவர்களுக்கும் பயன்படும்படி இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு பெரும்பாலும் பஞ்செஸ்டவுன் கல்தான். ஆனால் அதே படிகளை அந்த நாட்டின் எந்தக் குத்துக்கல்லுக்கும் வைத்துக்கொள்ளலாம். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் அயர்லாந்துக் குடியரசுக்கு மட்டும். வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

படி 1: பெயர்களைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்

ஐரிஷ் மொழியில் குத்துக்கல்லுக்கு கல்லான் என்று ஒரு பெயர். ஆங்கில எழுத்துக்கு மாறியபோது கல்லவுன், கல்லேன் என்றெல்லாம் ஆனது. கேட்டதும் நம் 'கல்' நினைவுக்கு வரும். ஒலி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். அதிலிருந்து உறவு எதையும் கட்ட வேண்டாம். லீகான் என்பது இன்னொரு சொல். லாங்ஃபோர்டு கவுன்டியில் லீகன் என்று ஓர் ஊரே இருக்கிறது, இந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர். கிளாக் என்றால் கல். கிழக்குப் பகுதியில் ஆங்கிலத்தில் லாங்ஸ்டோன், அதாவது நெடுங்கல், என்ற பெயர் அதிகம். பஞ்செஸ்டவுன் கல்லையும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? அயர்லாந்தில் டவுன்லேண்ட் என்ற சின்ன நிலப்பிரிவுகள் 60,000-க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பெயருக்குள் லீகானோ கல்லானோ ஒளிந்திருந்தால், ஒரு காலத்தில் அங்கே ஒரு கல் நின்றிருக்கலாம். கல் போய்விட்ட இடத்திலும் பெயர் தங்கியிருக்கும். லாகன்ம் என்ற அரசு இடப்பெயர்த் தளத்தில் டவுன்லேண்ட் பெயரைத் தேடினால் ஐரிஷ் வடிவம் கிடைக்கும், பெயரின் பழைய எழுத்து வடிவங்களும் பல இடங்களுக்குக் கிடைக்கும்.

படி 2: வரைபடத்தில் பிடியுங்கள்

தேசிய நினைவுச்சின்னங்கள் சேவை நடத்தும் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் வியூவர் என்ற இணைய வரைபடம்தான் முதல் கருவி. இலவசம். தொல்லியல் இடங்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஒரு புள்ளியைத் தொட்டால் வகை, டவுன்லேண்ட், ஆயத்தொலைவு, பல இடங்களுக்கு ஆய்வாளர் எழுதிய விவரிப்பு எல்லாம் வரும்.

அதில் இருக்கும் பதிவு எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் இரண்டு எழுத்து கவுன்டி. கில்டேருக்கு 'கே டி'. அடுத்த மூன்று இலக்கம் பழைய ஆறு அங்குல வரைபடத்தின் (ஒரு மைலை ஆறு அங்குலமாகக் காட்டுவது) தாள் எண். அதற்குப் பின் வருவது அந்தத் தாளில் இந்தச் சின்னத்தின் வரிசை எண். கடிதம் எழுதினாலும் புகார் செய்தாலும் இந்த எண் இருந்தால்தான் எந்தக் கல்லைச் சொல்கிறீர்கள் என்று சட்டெனப் புரியும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகை என்ற வரியையும் கவனியுங்கள். தனிக் குத்துக்கல், இணைக்கல், கல்வரிசை, ஓகம் எழுத்துக்கல் எல்லாம் தனித்தனி வகைகள். 'ரிடண்டன்ட் ரெகார்ட்' என்று போட்டிருந்தால், ஒரு காலத்தில் பதிவானது, பிறகு சரிபார்த்துத் தொல்சின்னம் அல்ல என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருள். அதைத் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம் பழைய வரைபடங்கள். அயர்லாந்து முழுவதும் ஆறு அங்குல அளவில் முதன்முதலாக அளக்கப்பட்டது 1829-க்கும் 1842-க்கும் இடையில். பின்னர் 25 அங்குல வரைபடம் வந்தது. இவற்றை இப்போது டல்ட்யே எய்ரன் என்ற அரசு நிறுவனத்தின் இணைய வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். தொல்பொருள்களின் பெயர்களை கோதிக் எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தனியாகத் தெரியும். முதல் வரைபடத்தில் இருந்த கல் இன்றைய வான்படத்தில் இருக்கிறதா, அன்றைய வயல் எல்லை இன்றும் அதே இடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு மாலை முழுக்க இதற்குச் செலவழித்தாலும் தகும்.

படி 3: நிலத்துக்காரரிடம் கேளுங்கள்

அயர்லாந்தில் தொல்சின்னங்களில் மிகப் பெரும்பாலானவை தனியார் நிலத்தில் நிற்கின்றன. ஸ்காட்லாந்தில் உள்ளதுபோல எங்கும் நடந்து போகும் பொது உரிமை அங்கே கிடையாது. வரைபடத்தில் சிவப்புப் புள்ளி இருப்பதாலேயே போக அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அரசின் பொறுப்பில் உள்ள சின்னங்கள் சிலவற்றுக்குக்கூட வழி அடுத்தவர் வயல் ஊடாகத்தான் போகும்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "அந்தக் கல்லைப் பார்க்க வந்தோம், போகலாமா?" என்று கேட்டாலே போதும். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும் சரி என்றார்கள். ஒரு விவசாயி கூடவே நடந்து வந்து, அவர் தாத்தா காலத்தில் அந்த வயலை உழும்போது கல்லைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டார்கள் என்று காலடி வைத்துக் காட்டினார். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விவரம் அது. முடியாது என்று சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள். குட்டி போட்ட ஆடுகள் இருக்கலாம், காளை மேயலாம்.

வாயிற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. நாயைக் கூட்டிப் போகாதீர்கள். மெல்லிய கம்பி வேலி கண்ணில் பட்டால் மின்சாரம் பாய்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: போகும் காலம், போகும் வழி

டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ஸாலின்ஸ் அண்டு நேஸ் நிலையத்துக்கு ரயில் உண்டு. நேஸ் ஊருக்கு டப்ளினிலிருந்து பேருந்தும் போகும். ஊரிலிருந்து கல் தென்கிழக்கே சுமார் 4 கிலோமீட்டர். சைக்கிள் இருந்தால் நல்லது. நடப்பதானால் கவனமாக இருங்கள், அங்கே கிராமச் சாலைகளில் பெரும்பாலும் நடைபாதை இருக்காது. பக்கத்திலேயே பஞ்செஸ்டவுன் குதிரைப் பந்தயத் திடல் இருக்கிறது. ஏப்ரல் கடைசியையொட்டி அங்கே ஐந்து நாள் பந்தய விழா நடக்கும். அந்த வாரம் வேண்டாம், சாலை நகராது.

எனக்குப் பிடித்தது பிப்ரவரி, மார்ச். புல் தாழ்ந்திருக்கும், அடிமண் தெரியும். சூரியன் தாழ்வாக இருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்து, கல்லில் உள்ள சின்னப் பள்ளங்கள்கூட நிழலோடு எழும்பி நிற்கும். டிசம்பரில் அந்த வெளிச்சம் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கோடையில் போனால் இடுப்பளவு புல்லும் முட்செடியும் அடியை மூடியிருக்கும், நாம் எதைப் பார்க்கப் போகிறோமோ அதுவே தெரியாது.

கையில் என்ன வேண்டும்? முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ், திசைகாட்டி, அளவு நாடா, ஒரு மீட்டர் நீளக் குச்சி, ஒரு நூலில் கட்டிய சிறு எடை, குறிப்பேடு, பென்சில். மழை பெய்தாலும் பென்சில் எழுதும். கொண்டு போகக் கூடாதவை: சாக்பீஸ், தூரிகை, கொத்துக் கருவி எதுவானாலும், உலோகம் கண்டறியும் கருவி. கடைசியாகச் சொன்னது சட்ட விஷயம், பின்னால் வருகிறேன்.

படி 5: கல்லுக்கு அருகே போகாமல் கால் மணி நேரம்

வேலியருகே நின்று சுற்றிலும் பாருங்கள். கல் மேட்டில் நிற்கிறதா, சரிவிலா, தாழ்விலா? எங்கிருந்து பார்த்தால் வானத்தின் மேல் தனியாகத் தெரிகிறது? பக்கத்தில் ஓடை உண்டா? கல்லை நட்டவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் நட்டார்கள். அந்தத் தேர்வில் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பது இந்த நில அமைப்பு மட்டுமே.

பஞ்செஸ்டவுனில் கிழக்கே திரும்பினால் விக்லோ மலைகள். அந்த மலைகளின் உடல் கிரானைட். கில்டேர் சமவெளியின் அடியில் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. கல்லோ கிரானைட். அப்படியானால், வேலை கல்லை நிமிர்த்துவதோடு தொடங்கவில்லை, வேண்டிய கல்லைத் தேடிப் பிடிப்பதில் தொடங்கியிருக்கிறது. பனியாறுகள் மலையிலிருந்து உருட்டி வந்து சமவெளியில் போட்ட பாறைகளும் அந்தப் பக்கம் கிடைக்கும். ஆகவே 9 டன்னையும் மனிதர்களே மலையிலிருந்து இழுத்து வந்தார்கள் என்று அடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கல் தனியாளும் அல்ல. நேஸைச் சுற்றி இன்னும் சில நெடுங்கற்கள் இருக்கின்றன. கிராடக்ஸ்டவுனில் ஒன்று. ஃபர்னஸில், வட்டமான மண்கரைக்குள் ஒன்று, 5 மீட்டருக்கு மேல் உயரம். ஒரே நாளில் இரண்டைப் பார்க்க முடிந்தால், ஒன்றை வைத்து மற்றதைப் புரிந்துகொள்ளலாம்.

படி 6: உண்மையிலேயே பழைய கல்தானா?

பஞ்செஸ்டவுனில் இந்தச் சந்தேகம் எழாது. மற்ற இடங்களில் எழ வேண்டும். மாடு உரசிக்கொள்ள விவசாயிகள் வயல் நடுவில் கல் நடுவது அயர்லாந்தில் வெகுகாலப் பழக்கம். உரசுகல் என்று சொல்லலாம். அதைத் தவிர எல்லைக்கல், வாயில் தூண், பழைய கட்டடத்தின் மிச்சம் என்று செங்குத்தாக நிற்கும் கற்கள் பல உண்டு.

கல்லில் துளைக்கருவி வைத்த உருளைத் தடம் தெரிந்தால், அது பிற்காலத்தில் வெடிவைத்தோ ஆப்படித்தோ பிளந்த கல். இரும்புக் கீல் பொருத்திய துளை இருந்தால் ஒரு காலத்தில் வாயில் தூணாக வேலை செய்திருக்கிறது. ஆனால் பழைய குத்துக்கல்லைப் பெயர்த்துத் தூணாக்கியதும் உண்டு, ஆகவே அதை வைத்து மட்டும் தள்ளிவிடாதீர்கள். விளிம்பில் வரிசையாகக் கோடுகள் வெட்டியிருந்தால் ஓகம் எழுத்தாக இருக்கலாம். அது கி.பி. நான்காம் நூற்றாண்டையொட்டித் தொடங்கி ஏழாம் நூற்றாண்டு வரை வழக்கில் இருந்த, பெரும்பாலும் ஆள்பெயர் பொறிக்கும் எழுத்து. வெண்கலக் காலத்துக் கல்லின் மேல் ஈராயிரம் ஆண்டு கழித்து ஓகம் வெட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.

உரசுகல்லும் பழங்கல்லும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். அடியைத் தோண்டாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, தோண்டும் வேலை நம்முடையது அல்ல. சந்தேகம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு நகருங்கள்.

படி 7: அடிக்கு வாருங்கள்

இங்கேதான் நேரத்தைக் கொடுக்க வேண்டும். நான் குறைந்தது அரை மணி நேரம் வைத்துக்கொள்வேன்.

ஒரு குத்துக்கல் எப்படி நிற்கிறது என்று முதலில் யோசியுங்கள். குழி வெட்டுகிறார்கள், கல்லின் அடியை அதற்குள் சரிக்கிறார்கள், கயிறும் ஆளும் வைத்து நிமிர்த்துகிறார்கள், பிறகு இடுக்குகளில் சிறு கற்களைத் திணித்து மண்ணை இறுக்குகிறார்கள். இந்தத் திணிப்புக் கற்கள்தான் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பஞ்செஸ்டவுன் கல்லின் மொத்த நீளம் 7 மீட்டர், தரைக்கு மேலே தெரிவது ஏறத்தாழ 6 மீட்டர். ஏழில் ஒரு பங்குதான் மண்ணுக்குள். அந்த ஒரு மீட்டர் பிடியில், நட்ட நாள்முதல் 1931 வரை தாக்குப்பிடித்திருக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழியை வெட்டிய கைகளின் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

இப்போது குனிந்து பாருங்கள், மண்ணைத் தொடாமல். கல்லைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருக்கிறதா? மாடுகள் உரசி உரசி நின்று, குளம்பால் மிதித்து, மழைநீர் தேங்கித்தான் பெரும்பாலும் அந்தப் பள்ளம் உண்டாகிறது. ஒரு பக்கம் மட்டும் ஆழமாக இருந்தால், கல் அந்தப் பக்கம் சாயும் ஆபத்து உண்டு. பள்ளத்தில் முஷ்டி அளவோ தலை அளவோ உள்ள கற்கள் எட்டிப் பார்க்கின்றனவா? திணிப்புக் கற்கள் வெளியே வருகின்றன என்றால் உடனே தெரிவிக்க வேண்டிய நிலை அது. எடுத்துப் பார்க்காதீர்கள். "நாமே உள்ளே தள்ளி மண் போட்டுவிடலாம்" என்றும் நினைக்காதீர்கள். எந்தக் கல் எந்த ஆழத்தில் இருந்தது என்பதுதான் தொல்லியலாளருக்கு வேண்டிய தகவல். நல்ல மனதோடு தள்ளினாலும் அது அழிந்துவிடும்.

உழவு எவ்வளவு அருகே வந்திருக்கிறது என்று காலடியால் அளந்து எழுதுங்கள். வயலில் பொறுக்கிய கற்களைக் கல்லடியில் குவித்திருக்கிறார்களா? தீ மூட்டிய கருப்புத் தடம் உண்டா? காசு, மெழுகுவர்த்தி, நாடா ஏதாவது வைத்திருக்கிறார்களா? மெழுகும் சூடும் கல்லைக் கெடுக்கும்.

கல்லின் கீழ்ப்பகுதி பளபளவென்று வழவழத்திருந்தால் அது மாடும் ஆடும் தேய்த்தது. செதுக்கி மெருகேற்றியது என்று தவறாக எண்ண வேண்டாம். மேலே சாம்பல், வெள்ளை, மஞ்சள் நிறத்தில் படர்ந்திருப்பவை லைக்கன்கள் என்ற பாசி போன்ற உயிர்கள். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் அவற்றில் உண்டு. சுரண்டினால் நம் வாழ்நாளில் திரும்ப வராது.

அடிமண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஃபர்னஸ் கல்லையும் சொல்ல வேண்டும். 1912-இல் மக்அலிஸ்டர், ஆம்ஸ்ட்ராங், பிரேகர் ஆகிய மூவர் அங்கே அகழாய்வு செய்தார்கள். கல்லின் காலடியில் நீளமான ஒரு கற்பதுக்கை. அதில் எரிந்த மனித எலும்புகள், கூடவே வில்லாளி மணிக்கட்டில் கட்டும் கற்பட்டை ஒன்றின் துண்டு. யாரோ ஒருவருக்காக, அல்லது சிலருக்காக, நட்ட கல் என்று அங்கே தைரியமாகச் சொல்ல முடிகிறது. பஞ்செஸ்டவுனில் பதுக்கை காலியாக இருந்தது. இரண்டிலும் கல் ஒன்றுபோலத்தான் நிற்கிறது. வேறுபாடு முழுக்க மண்ணுக்குள் இருந்தது.

படி 8: தொடாமல் அளப்பது

உயரத்துக்கு நிழல் முறை போதும். ஒரு மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி அதன் நிழலை அளந்துகொள்ளுங்கள். உடனே கல்லின் நிழலையும் அளந்து, குச்சி நிழலால் வகுத்தால் கல்லின் உயரம் மீட்டரில் வரும். குச்சி நிழல் 1.5 மீட்டர், கல் நிழல் 9 மீட்டர் என்றால் உயரம் 6 மீட்டர். தரை சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அயர்லாந்தில் வெயில் நமக்காகக் காத்திருக்காது, ஆகவே வெயில் அடித்த நிமிடம் இதைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

எடையையும் கணக்கிடலாம். கிரானைட் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2.65 டன். 9 டன் என்றால் சுமார் 3.4 கனமீட்டர். 7 மீட்டர் நீளத்தால் வகுத்தால் சராசரி குறுக்குப் பரப்பு அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் கீழே, அதாவது பக்கத்துக்கு 70 சென்டிமீட்டர் கொண்ட ஒரு சதுரம். அடியில் இதைவிடத் தடிமனாகவும் நுனியில் மெல்லியதாகவும் இருக்கும், மேலே போகப்போகக் குறுகும் கல் அது.

சாய்வை அளக்க எடை கட்டிய நூலைக் கை நீட்டிப் பிடித்து, நூலும் கல்லின் விளிம்பும் ஒரே சட்டகத்தில் வரும்படி படம் எடுங்கள். ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு திசைகளிலிருந்து எடுக்க வேண்டும். நின்ற இடத்தை வாயில், மரம், கம்பம் என்று நகராத பொருளை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் நிற்க வேண்டியிருக்கும். தட்டையான முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று திசைகாட்டியால் எழுதுங்கள். பஞ்செஸ்டவுனில் ஓர் எச்சரிக்கை: 1934-இல் மறுபடி நிறுத்திய கல் அது. இன்றைய திசையை வைத்துச் சூரிய உதயக் கணக்குப் போடாதீர்கள்.

படி 9: வயதைப் பற்றி எச்சரிக்கையாகப் பேசுங்கள்

கிரானைட் உருவாகி 40 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும். அது பாறையின் வயது, நட்ட வயது அல்ல. நட்ட காலத்தை அறிய, குழிக்குள் கல் வந்தபோது கூடவே சிக்கிய கரியோ எரிந்த எலும்போ வேண்டும். அவற்றைக் கதிரியக்கக் கார்பன் முறையில் கணிக்கலாம். வெளிச்சம் படாமல் புதைந்த மணலைக் கொண்டு கணிக்கும் முறையும் உண்டு. காலிப் பதுக்கையில் கணிக்க ஒன்றுமில்லை, ஆகவே பஞ்செஸ்டவுன் கல்லை வெண்கலக் காலம் என்று சொல்வது பதுக்கையின் வகையையும் ஃபர்னஸ் போன்ற அக்கம்பக்கத்துச் சான்றுகளையும் வைத்துத்தான். "4,000 ஆண்டுப் பழமை" என்று ஒற்றை எண்ணைப் பார்த்தால், அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

படி 10: கதைகளையும் சேர்த்து எடுத்துப் போங்கள்

ஐரிஷ் வீரன் ஃபின் மக்கூல், ஆலன் குன்றின் மேலிருந்து தன் மனைவியைக் குறிவைத்து எறிந்த கல் இது என்று ஊர்க்கதை. குன்று 15 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. இன்று அதன் ஒரு பக்கத்தைக் கல்குவாரி தின்றுவிட்டது.

இன்னொரு கதை எழுத்திலேயே இருக்கிறது. 1180-களில் அயர்லாந்தைப் பற்றி எழுதிய வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்டு, இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் ஒரு காலத்தில் கில்டேர் சமவெளியில், நேஸ் கோட்டைக்கு அருகே நின்றன என்றும், மந்திரவாதி மெர்லின் அவற்றைக் கடல்கடத்தினார் என்றும் எழுதினார். அதே மாதிரிக் கற்கள் தன் காலத்திலும் அங்கே நிற்கின்றன என்றும் சேர்த்தார். ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள் அயர்லாந்திலிருந்து வந்தவை அல்ல என்பது பாறை ஆய்வில் தெளிவாகிவிட்டது. சிறிய நீலக்கற்கள் வேல்ஸிலிருந்தும், பெரிய சார்சன் கற்கள் இங்கிலாந்துக்குள்ளிருந்தும் வந்தவை. ஆனால் எட்டு நூற்றாண்டுக்கு முன் ஒருவர் நேஸ் பக்கம் நெடுங்கற்களைச் சொல்லியிருக்கிறார் என்பது மிச்சமிருக்கிறது. நாம் பார்க்கும் கல்லும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

உங்கள் கல்லுக்குக் கதை தேட டூகஸ் என்ற இணையதளம் இருக்கிறது. 1937 முதல் 1939 வரை அயர்லாந்துப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய ஊர்க்கதைகள் அங்கே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன. டவுன்லேண்ட் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

படி 11: சட்டம் எதைக் காக்கிறது?

அடிப்படைச் சட்டம் 1930-இன் தேசிய நினைவுச்சின்னங்கள் சட்டம். பலமுறை திருத்தப்பட்டது. 1994 திருத்தத்தால் வந்த 'சின்னங்கள் மற்றும் இடங்கள் பதிவேட்டில்' ஒரு கல் இருந்தால், அங்கே வேலை செய்ய நினைக்கும் நிலத்துக்காரர் இரண்டு மாதம் முன்பே எழுத்தில் அமைச்சருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசின் உடைமையிலோ காப்பிலோ உள்ள தேசிய நினைவுச்சின்னம் என்றால் அமைச்சரின் ஒப்புதலே வேண்டும். பஞ்செஸ்டவுன் கல் தேசிய நினைவுச்சின்னம்.

நம்மைப் போன்ற பார்வையாளருக்கு நேரடியாக முக்கியமானவை இரண்டு. 1987 திருத்தம், அனுமதியின்றி உலோகம் கண்டறியும் கருவியோடு தொல்பொருள் தேடுவதைக் குற்றமாக்கியது. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அந்தக் கருவியைக் கையில் வைத்திருப்பதே சிக்கல். 1994 திருத்தம், தற்செயலாகத் தொல்பொருள் கண்ணில் பட்டால் 96 மணி நேரத்துக்குள் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2023-இல் புதிய மரபுச் சட்டம் நிறைவேறி, பிரிவு பிரிவாக நடைமுறைக்கு வருகிறது. ஆகவே போகும் முன் தேசிய நினைவுச்சின்னங்கள் சேவையின் தளத்தில் இன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவேட்டின் வரைபடத்தில் கல்லைச் சுற்றி ஒரு வட்டமோ கோடோ இருக்கும். அறிவிப்பு எல்லை அது. கல் ஒரு புள்ளிதான், சட்டம் அதைச் சுற்றியுள்ள மண்ணையும் சேர்த்து நினைக்கிறது. பஞ்செஸ்டவுன் பதுக்கையும் ஃபர்னஸ் பதுக்கையும் இருந்தது அந்த மண்ணில்தான்.

சட்டம் இருந்தும் சேதம் நடக்கிறது. டாரா மலையில் அரசர்கள் முடிசூடிய கல் என்று மரபு சொல்லும் லியா ஃபால் கல்லை 2012-இல் சுத்தியலால் அடித்தார்கள், 2014-இல் மேலே சாயம் ஊற்றினார்கள், 2023-இல் எழுத்து கிறுக்கினார்கள். அவ்வளவு பேர் வந்துபோகும் இடத்திலேயே இப்படி. யாரும் வராத வயலில் நிற்கும் கல்லுக்குக் கண் வைப்பது அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போல் வந்து போகிறவர்களும்தான்.

படி 12: எழுதி அனுப்புங்கள்

சேதம் கண்டால் தேசிய நினைவுச்சின்னங்கள் சேவைக்கு மின்னஞ்சல் போதும். பதிவு எண், டவுன்லேண்ட், தேதி, நான்கு திசைப் படங்கள், அடியின் நெருக்கப் படங்கள். படத்தில் அளவுக்கு உங்கள் மீட்டர் குச்சி தெரியட்டும், கல்லில் சாய்க்காமல். யார் செய்தது என்ற ஊகம் எழுத வேண்டாம், கண்டதை மட்டும் எழுதுங்கள். சேதம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தால் கார்டா காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நீங்கள் தடுக்கப் போக வேண்டாம்.

அங்கேயே குடியிருப்பவர்களுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. ஹெரிடேஜ் கவுன்சில் நடத்தும் 'அடாப்ட் எ மான்யுமென்ட்' திட்டத்தில், ஒரு சின்னத்தை ஊர்க்குழுவே கவனித்துக்கொள்ளலாம். 2020-இல் தொடங்கிய சமூக நினைவுச்சின்ன நிதியிலிருந்து பராமரிப்புக்குப் பணமும் கேட்கலாம். இரண்டிலும் நிலத்துக்காரரின் சம்மதம் முதலில் வேண்டும்.

அடுத்த பிப்ரவரியில் மறுபடி போகும்போது பழைய படத்தை எடுத்துப் போங்கள். அதே வாயிலருகே நின்று, அதே நூலைப் பிடித்து, விளிம்பு நூலைவிட்டு எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, தேதி போட்டு எழுதுங்கள்.